பதினேழாம் இலக்கம்

லாங்கென்தாலில் சனிக்கிழமை. மூடுபனி
கூரைகளுக்குக் கீழே இறங்கி நிற்கிறது.
மூன்று கார்கள், ஒரு பிற்பகல்,
என் கைபேசியில் ஓர் அட்டவணை.
டிக்கியின் கொள்ளளவு,
நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்,
காப்புறுதி, பனிக்காலச் சில்லுகளின் விலை.
பசாட், சுப்பர்ப், மஸ்தா ஆறு.
இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து
கட்டங்களுக்குப் பச்சை பூசியிருந்தேன்.

அப்பா அதைப் பார்க்கவேயில்லை.
அவர் கொண்டுவந்தது அம்மாவின் தையல் நாடா.
விற்பனையாளர் ஸ்பிண்டன்
கைகொடுக்க வந்த நேரம்
குந்தவே கூடாது என்று டாக்டர் சொன்ன புது இடுப்போடு
குந்தி இருந்து
முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை
அளந்துகொண்டிருந்தார்.
"ஒரு சாண் கூடிப்போச்சு" என்றார் சுப்பர்ப்பைப் பார்த்து,
வயதுக்கு மீறி வளர்ந்த பெடியனைச் சொல்வதுபோல.

ஸ்பிண்டன் என் பக்கம் திரும்பினார்.
எப்படி விளங்கப்படுத்துவது?
எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடம்,
பதினேழாம் இலக்கம், இடப்பக்கம் ஒரு தூண்.
அதில் இடுப்புயரத்தில் நீலக் கீறல்கள்:
பழைய கார்
பதினொரு வருடமாய் இட்ட கையெழுத்து.

சாவியை அவர் அப்பாவிடம் நீட்டினார்.
அப்பா வாங்கி, நிமிர்ந்தும் பாராமல்,
சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளுவதுபோல
அம்மாவிடம் கொடுத்தார்.

அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை.
அம்மா ஐம்பத்திரண்டு வயதில்
மூன்றாம் தடவையாகச் சோதனைக்குப் போய் எடுத்தவ.
முதியோர் இல்லத்துச் சலவைக்கூடம்
ஐந்து மணிக்குத் திறக்கும்,
முதல் பஸ் ஐந்தரைக்கு.
அன்றிலிருந்து அப்பா பக்கத்து இருக்கையில்,
வலது காலால் வெறும் தரையை மிதித்து
பிறேக் பிடித்துக்கொண்டு வருகிறார்.

சுப்பர்ப்பின் பின்னிருக்கையில்
காலை நீட்டிப் படுக்கலாம்.
"இதில இருங்கோ அப்பா, இடுப்புக்கு நல்லது."
இருந்தார். ஒரு சுற்று முடியமுதல்
முன்னுக்கு வந்துவிட்டார்.
"பின்னால இருந்தா பிறேக் பிடிக்கேலாது."

பிறகு மஸ்தா.
சிவப்பு. கழுவி வைத்த மாதுளை முத்தின் சிவப்பு.
அம்மா கைப்பையிலிருந்து
தன் சின்னத் தலையணையை எடுத்து இருக்கையில் போட்டா,
கண்ணாடியைச் சரிசெய்தா,
பேர்ண் வீதியில் ஒரு லொறியை முந்தினா.
அம்மா முந்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.
என் அட்டவணையிலும் அந்த வரிசை முழுக்கப் பச்சை.

திரும்பி வந்து நிறுத்தியதும்
அப்பா இறங்கப் பார்த்தார்.
இருக்கை பள்ளத்தில்.
ஒரு கை கதவில், ஒரு கை கூரை விளிம்பில்,
தொங்கியபடி, ஒரு முறை, இன்னொரு முறை,
பிறகு எதுவும் நடக்காததுபோல நின்று
சட்டையை இழுத்துவிட்டார்.

அம்மா அப்போது
முன்மூடியைத் தடவிக்கொண்டிருந்தா.
கையை எடுத்தா.
"இந்தச் சிவப்பு எனக்குப் பிடிக்கேல்ல.
சாம்பல் நிறம்தான் ஊத்தை தெரியாது."

பசாட்டுக்குக் கையெழுத்து வைத்தோம்.
ஸ்பிண்டன் இலவசமாய்த் தந்த தரைவிரிப்பை
அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்கு இரவு பதினேழில்
அம்மா மெல்ல மெல்ல உள்ளே விட,
நான் வெளிச்சம் பிடிக்க,
அப்பா தூணுக்கும் கதவுக்கும் நடுவில்
பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை விரித்து வைத்தார்.
"காணும்."

தை மாதம். பேர்ண் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு.
பக்கத்து வரிசையில் வந்து நின்றது
அதே மாதுளை நிறம்.
அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தா.
விளக்கு மாறியது, அது போனது,
பின்னாலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.
நான் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தேன்:
அப்பாவின் வலது கால்
தரைவிரிப்பை அழுத்தியபடியே இருந்தது.